ஆல்ட்டோக்காரி

எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண், ஒருநாள் மதியச் சாப்பாட்டு வேளையில் என் போனை வாங்கி, நான் சேர்த்து வைத்திருக்கும் பாட்டுகளை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வரும் சரக்குகளைச் சுங்கத்திலிருந்து விடுவித்துக் கொடுக்கும் அலுவலகம் எங்களுடையது. கப்பல் தாமதமானால் இப்படிக் கொஞ்சம் வெட்டிப் பொழுது கிடைக்கும்.

"மேடம், இது என்ன இப்படிக் கதம்பமா இருக்கு? நாதஸ்வரம் இருக்கு, வில்லுப்பாட்டு இருக்கு, சர்ச் கொயர் இருக்கு, அதுக்குக் கீழயே டப்பாங்குத்து இருக்கு. ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லயே. ஒங்களுக்கு உண்மையில என்னதான் பிடிக்கும்?" என்று கேட்டாள்.

சம்பந்தம் இருக்கிறது. ஆனால் அதைச் சொல்லப் புகுந்தால் என் அப்பா அம்மாவையும், என் மாமியாரையும், என் கழுத்தில் இருக்கும் தழும்பையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். தயிர்சாதம் முடிவதற்குள் நடக்கிற காரியமில்லை. "எல்லாமே பிடிக்கும்" என்று சொல்லிப் போனைப் பிடுங்கிக்கொண்டேன். அவளுக்குச் சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

நான் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்துப் பக்கத்தில் பிறந்தவள். அப்பாவும் அம்மாவும் பள்ளிக்கூட ஆசிரியர்கள். எங்கள் வீட்டில் தினமும் குடும்ப ஜெபம் உண்டு. பாட்டு இல்லாத ஜெபத்தை அப்பா ஜெபமாகவே கணக்கில் எடுக்க மாட்டார். அந்தப் பாட்டையும் நான்கு குரல்களில் பிரித்துத்தான் பாட வேண்டும். அம்மா மேல் குரலில் மெட்டைப் பாடுவார். அப்பா அடிக்குரலில் பாஸ், அண்ணன் அதற்கு மேலே டெனர். மிச்சம் இருந்தது ஆல்ட்டோ. பொரித்த மீனில் வால்துண்டு கடைக்குட்டிக்கு வருவது போல அது எனக்கு வந்து சேர்ந்தது.

ஆல்ட்டோ என்பது மெட்டுக்குக் கீழே ஓடும் இரண்டாவது குரல். மெட்டு ஏறும், இறங்கும், வளையும், கேட்பவரை அழ வைக்கும். ஆல்ட்டோ அதற்கெல்லாம் அசையாமல் மூன்று நான்கு சுரங்களுக்குள்ளேயே நடமாடிவிட்டு ஆமென் சொல்லி உட்கார்ந்துவிடும். தனியாகக் கேட்டால் ஏதோ முணுமுணுப்பு மாதிரி இருக்கும். ஆனால் நான்கு குரலும் சேர்ந்து பாடும்போது அதை மட்டும் நிறுத்திப் பாருங்கள், குழம்பில் உப்புக் குறைந்த மாதிரி இருக்கும். என்ன குறைகிறதென்றுதான் யாருக்கும் சொல்லத் தெரியாது.

எழுத்துக்கூட்டிப் படிக்கும் முன்பே ஆல்ட்டோ பாடப் பழகியதில் ஒரு விபரீதமும் நடந்துவிட்டது. எனக்குத் தெரிந்த எத்தனையோ ஞானப்பாட்டுகளில் ஒன்றுக்குக்கூட எனக்கு மெட்டுப் பாட வராது. பிறர் பாடினால் இன்ன பாட்டு என்று தெரியும். நானாக வாயைத் திறந்தால் ஆல்ட்டோதான் வரும். அம்மா எப்போதும் பக்கத்தில் இருந்ததால் இது ஒரு குறை என்றே எனக்கு வெகுகாலம் தெரியாது.

தெரிந்தது உடன்குடியில். எங்கள் அலுவலகக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் லாரி உதிரிபாகக் கடை வைத்திருந்தவரைத்தான் நான் கல்யாணம் செய்துகொண்டேன். அவர் உடன்குடிக்காரர். அவர்கள் வீட்டில் கருப்பட்டி வியாபாரம், வருஷத்துக்கு ஒருமுறை அம்மன் கோயில் கொடை. எங்கள் வீட்டில் வேதப் புத்தகம், வருஷத்துக்கு ஒருமுறை சபையே கூடிச் சாப்பிடும் அசனப் பண்டிகை. இரண்டு வீட்டாரும் கொஞ்ச காலம் முகத்தைத் தூக்கி வைத்திருந்துவிட்டு, பிறகு கை வலித்ததோ என்னவோ, இறக்கி வைத்துவிட்டார்கள்.

புதுப்பெண்ணைப் பார்க்க அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லாம் வந்து முற்றத்தில் உட்கார்ந்திருந்தார்கள். என் மாமியாருக்குப் பெருமை தாங்கவில்லை. "எம் மருமவ பாட்டுக்காரி. அவ கோயில்ல பாடுதவ. ஏளா, ஒங்க கோயில் பாட்டு ஒண்ணு பாடு, இவளுவ கேக்கட்டும்" என்றார்.

நான் எழுந்து நின்றேன். ஆலயத்தில் கொயர் வரிசையில் நிற்பது போலக் கைகளைச் சேர்த்துக்கொண்டேன். எனக்கு மிகவும் பிடித்த ஒரு ஞானப்பாட்டை, முதல் சரணம், இரண்டாம் சரணம், ஏற்ற இறக்கம், உணர்ச்சி ஒன்றும் குறையாமல் பாடினேன். எல்லாம் ஆல்ட்டோவில். முடித்துவிட்டுக் கைகளைப் பிரித்தேன். என் மாமியார் இன்னும் கொஞ்சம் காத்திருந்தார். பிறகு மிகுந்த பிரியத்தோடு கேட்டார்:

"நல்லாத்தான் இருக்கு. பாட்டு எப்பம்மா தொடங்கும்?"

வந்திருந்த பெண்கள் சிரித்த சிரிப்பு பக்கத்துத் தெருவரைக்கும் கேட்டிருக்கும். என் கணவர் மட்டும் சிரிக்கவில்லை. வாசல் பக்கம் நின்றுகொண்டு, கழற்றிப் போட்ட இன்ஜினில் ஏதோ ஒரு பாகம் குறைகிறதே என்று யோசிக்கும் முகத்தோடு என்னைப் பார்த்தார். எனக்குக் கோபம் மூக்கு நுனியில். தூத்துக்குடிக்குத் திரும்பும் வழியெல்லாம் பஸ்ஸில் அவரோடு பேசவில்லை. சிரிக்காதவர் மேல் ஏன் கோபம் என்று கேட்காதீர்கள். கைக்கு எட்டும் தூரத்தில் அவர்தான் இருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அவரே கேட்டார். "தனியா வராதா அது?"

"வராது. மேல ஒருத்தர் மெட்டுப் பாடணும். அப்பதான் அது பாட்டு."

"சரி" என்றார். அதோடு பேச்சு முடிந்தது.

அந்த வருஷக் கொடைக்குப் போனபோதுதான் என் கோபம் முழுதும் தீர்ந்தது. வில்லுப்பாட்டை நான் அதுவரை நேரில் கேட்டதில்லை. தலைவர் வில்லில் கோலை வீசி அம்மன் கதையை ஓட்டிக்கொண்டிருந்தார். எல்லாரும் அவர் முகத்தையே பார்த்தார்கள். நான் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரிக்கும் "ஆமா" போட்டவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன ஆமா அது! பயந்துபோன ஆமா, நம்பாத ஆமா, தலைவரைக் கொஞ்சம் சீண்டிப் பார்க்கிற ஆமா. அவர் ஆமா போடாவிட்டால் அம்மன் அடுத்த அடி எடுத்து வைக்க மாட்டாள் போலிருந்தது. எனக்குக் கூட்டத்தில் சொந்தக்காரர் ஒருவரைக் கண்டுபிடித்த சந்தோஷம். இவர் உடன்குடியின் ஆல்ட்டோ என்று நினைத்துக்கொண்டேன்.

அதிலிருந்து என் காது அப்படியே பழகிவிட்டது. நாதஸ்வரம் கேட்டால், பக்கத்தில் ஒரே சுரத்தைக் கன்னம் உப்பப் பிடித்துக்கொண்டிருக்கும் ஒத்துக்காரரிடம் மனம் போகும். மாதா கோயில் சப்பரத்தோடு பேண்டு போனால், கடைசியில் பெரிய குழலைத் தோளில் மாட்டிக்கொண்டு 'பூம் பூம்' என்று மட்டும் ஊதிக்கொண்டு வருகிறவரைத் தேடுவேன். டப்பாங்குத்தில்கூட, எல்லாரும் ஆடும் தாளத்துக்கு அடியில் பாஸ் கிட்டார் ஒன்று தன் பாட்டுக்கு நல்ல வேலை செய்துகொண்டிருக்கும். என் போனில் இருக்கும் கதம்பத்துக்கு நார் இதுதான். முற்றத்தில் என்னை அவமானப்படுத்திய மாமியாருக்கு இதற்காக நான் பட்டிருக்கும் நன்றிக்கடன் கொஞ்சநஞ்சமல்ல. அவர் கேட்டிருக்காவிட்டால் என் குரலுக்கு இத்தனை உறவு இருப்பது எனக்குத் தெரிந்தே இருக்காது.

என் கணவருக்கு இந்த ஆராய்ச்சியெல்லாம் கிடையாது. கடையில் நாள் முழுக்க ரேடியோ பாடும், அவர் பாட்டுக்கு பில் போட்டுக்கொண்டிருப்பார். ஒரு வரி முணுமுணுத்து நான் கேட்டதில்லை. ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் கொயர் பயிற்சிக்கு என்னைக் கொண்டுவிடத் தவறியதில்லை. ஆலயச் சுற்றுச்சுவர் ஓரம் பைக்கை நிறுத்திவிட்டு அங்கேயே நிற்பார். உள்ளே வந்து உட்காரச் சொன்னால், "வேண்டாம், இங்கன காத்து நல்லா வருது" என்பார். பயிற்சி முடிந்து வந்தால், "கச்சேரி முடிஞ்சா?" என்று கேட்டுக்கொண்டே வண்டியைக் கிளப்புவார். வருஷக்கணக்காக இதே கேள்வி.

பிறகு என் கழுத்தில் ஒரு கட்டி தெரிந்தது. தைராய்டு. பயப்பட வேண்டிய கட்டியில்லை, ஆனால் எடுத்துவிட வேண்டும் என்றார் பாளையங்கோட்டையில் பார்த்த டாக்டர். நல்ல மனிதர், எதையும் மறைக்கவில்லை. குரலுக்குப் போகும் நரம்பு அந்தக் கட்டியை ஒட்டியே ஓடுகிறது, கவனமாகத்தான் செய்வேன், ஆனாலும் குரல் மாறலாம் என்றார். நான் அவரிடம் "நான் கொயர்ல பாடுறேன் டாக்டர்" என்றேன். "அப்ப இன்னும் கவனமாச் செய்யுறேன்" என்றார்.

உயிரும் உடம்பும் பத்திரமாகத் திரும்பி வந்தன. குரல் வரவில்லை. பேசினால் காற்றும் கரகரப்பும்தான் வந்தன. மெல்ல வரும், பொறுமை வேண்டும், முழுதாக வருமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார்கள். பொறுமை என்னிடம் கையிருப்பில் இல்லாத சரக்கு. மறுபடி வேலைக்குப் போனபோது, கன்டெய்னர் எங்கே நிற்கிறது என்று கேட்க ஒரு லாரி டிரைவருக்குப் போன் போட்டேன். எத்தனையோ வருஷமாக என்னோடு பேசுகிறவர். "அண்ணாச்சி, கொஞ்சம் மேடத்துட்ட குடுங்க" என்றார். அலுவலகத்தில் எல்லாரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போய் அழுதேன்.

பேச்சுக் குரல் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது. பாடிப் பார்க்க மட்டும் எனக்குத் தைரியம் வரவில்லை. பாடிப் பார்த்தால் தெரிந்துவிடும், தெரிந்துகொள்ள நான் விரும்பவில்லை. பாட்டுக் கேட்பதையும் விட்டுவிட்டேன். எந்தப் பாட்டைப் போட்டாலும் அதன் கீழ்க்குரல் தொண்டைவரைக்கும் வந்து நின்றுவிடும். கொயர்த் தோழிகள் அன்பாக விசாரித்தார்கள், என் நாற்காலியில் யாரையும் உட்கார விடவில்லை என்றார்கள். அந்த அன்புகூட எனக்கு எரிச்சலாக இருந்தது. என் கணவர் ஒருநாளும் 'பாடிப் பாரேன்' என்று சொல்லவில்லை. அதற்காக அவரைக் கும்பிட வேண்டும்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பைக்கை வெளியே எடுத்து வைத்துக்கொண்டு கூப்பிட்டார். "ஏளா, வா."

"எங்க? நான் கொயருக்குப் போகல."

"கொயருக்கு யாரு கூப்பிட்டா? சும்மா ஒரு சுத்து போயிட்டு வருவோம்."

வண்டியைத் துறைமுகச் சாலையில் விட்டார். ஒரு பக்கம் உப்பளம், இன்னொரு பக்கம் வரிசையாகக் கன்டெய்னர் லாரிகள். ஹாரன் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. அந்த இரைச்சலுக்கு நடுவில் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து ஏதோ வருவதாக எனக்குத் தோன்றியது. குனிந்து காதைக் கொடுத்தேன். என் கணவர் பாடிக்கொண்டிருந்தார்.

நான் உடன்குடி முற்றத்தில் பாடிய அதே ஞானப்பாட்டு. அதன் மெட்டு. வார்த்தை பாதி தெரியவில்லை, அங்கெல்லாம் 'ல ல' போட்டு நிரப்பினார். சுருதி ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். ஆனால் மெட்டு ஒரு வளைவுகூடத் தப்பாமல் வந்தது. முதல் சரணத்தை முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்றாம் முறை தொடங்கியபோது என் வாய் தானாகத் திறந்தது.

மேல் சுரங்கள் வரவில்லை. போன இடத்தில் வெறும் காற்றுதான் இருந்தது. ஆனால் கீழே, நான் முன்பு இறங்கவே இறங்காத இடத்தில், புதிதாக ஒரு தடித்த குரல் இருந்தது. ஆல்ட்டோவை அங்கே இறக்கி வைத்துப் பாடினேன். அவர் மேலே, நான் கீழே. பக்கத்தில் போன லாரியின் கிளீனர் எட்டிப் பார்த்தார், பார்க்கட்டும் என்று பாடினேன். என் கணவரின் சட்டை முதுகெல்லாம் என் கண்ணீர்.

வண்டியை ஓரம் கட்டியதும் கேட்டேன். "இத எங்க படிச்சீங்க?"

"எங்க படிக்க? சுவத்துக்கு வெளிய நிண்ணு கேட்டதுதான். அன்னைக்கு ஊர்ல நீ தனியா நிண்ணு பாடுனேல்லா, மேல ஆளு இல்லாமப் போச்சே. அடுத்த மட்டம் அம்மா கேட்டா ஒரு ஆளு வேணும்லானு பழகி வச்சேன்."

"பின்ன இத்தன வருஷமா ஏன் பாடல?"

"அம்மா மறுபடி கேக்கவே இல்லயே" என்றார்.

கொயருக்குத் திரும்பினேன். ஆல்ட்டோ நாற்காலி எனக்கு இனி ஒத்துவராது என்று ஆனது. எங்கள் கொயரில் டெனர் வரிசைக்கு எப்போதும் ஆள் பஞ்சம், ஆகவே இப்போது நான் அங்கே ஆண்களுக்கு நடுவில் புடவை கட்டிக்கொண்டு நிற்கிறேன். தெரிந்த பாட்டையெல்லாம் மூன்றாவது குரலில் புதிதாகப் படிக்க வேண்டியிருக்கிறது. போன குரலுக்காக இப்போது வருத்தமில்லை என்று சொன்னால் பொய். இருக்கிறது. ஆனால் டாக்டரின் கைக்கும், நாற்காலியைக் காத்து வைத்தவர்களுக்கும், சுற்றுச்சுவர் ஓரம் வீசும் காற்றுக்கும் நன்றி சொல்லாமல் நான் படுக்கப் போவதில்லை.

போன மாதம் உடன்குடிக்குப் போயிருந்தோம். மாமியார் என் கழுத்துத் தழும்பைத் தடவிப் பார்த்தார். அவருக்கு இப்போது கண் மங்கல், காது பழுதில்லை. பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் வந்திருந்தார்கள்.

"ஏளா, பாட்டெல்லாம் வருதா இப்ப?" என்று கேட்டார்.

"வருது அத்தை. முன்ன மாதிரி இல்ல."

"எங்க, ஒண்ணு பாடு."

நான் எழுந்து நின்றேன். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்த என் கணவர் அதைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே வந்து என் பக்கத்தில் நின்றார். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு மெட்டை எடுத்தார். நான் கீழே சேர்ந்துகொண்டேன். மாமியார் கையை உயர்த்தி, சிரித்துக்கொண்டிருந்தவர்களை அடக்கினார்.

"சத்தம் போடாதிய. பாட்டு தொடங்கிட்டு."