எதிர்க்கடை இருக்கட்டும்

வேட்புமனுவை வாபஸ் வாங்க இன்னும் ஒரு நாள்தான் இருந்தது. மதினியின் பால்கோவாக் கடை பெஞ்சில் வார்டுப் பெரிய மனிதர்கள் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கொரு இலைத் துண்டில் சூடான பால்கோவா. நடுவில் இருந்தவர் வழித்துத் தின்று முடித்துவிட்டு விஷயத்துக்கு வந்தார். "எதிர்க்கடை அம்மாகிட்ட நாங்க பேசி வாபஸ் வாங்க வச்சிருதோம். நீங்க ஒரு வார்த்தை சரின்னு சொன்னாப் போதும். போட்டியே இல்லாம நீங்கதான் கவுன்சிலர்." அந்த மத்தியானத்தின் பால் வாசனைகூட எனக்கு இன்னும் மறக்கவில்லை.

மதினி என் அண்ணனின் மனைவி. தேவதானத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். அண்ணன் ராணுவத்தில் இருந்ததால் ஸ்ரீவில்லிபுத்தூர் கடையை அவரே ஆரம்பித்து அவரே நடத்தினார். நான் ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையின் விற்பனைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஆனால் பஸ் ஏறிக் கடைக்குப் போய்விடுவேன். மதினி கடை போடுவதற்கு முன்பே ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு பால்கோவாக் கடை இருந்தது. ரெண்டில் ஒன்று சீக்கிரம் மூடிவிடும் என்று ஊரே சொன்னது. அப்படி நடக்கவில்லை. மதினி கடையில் இனிப்பு அளவாக இருக்கிறது என்று பேச்சு வந்ததும் எதிர்க்கடைக்காரர்கள் சர்க்கரையைக் குறைத்தார்கள். அவர்கள் கோயிலுக்கு வரும் பஸ்களுக்காக விடியற்காலையிலேயே கடை திறந்தார்கள். மதினி அதற்கும் முன்னால் திறந்தார். ஒருவருக்குப் பயந்து இன்னொருவர் பாலில் தண்ணீர் சேராமல் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் ரெண்டு கடையிலும் கூட்டம் நின்றது.

நகராட்சித் தேர்தலில் கடை இருக்கும் வார்டு பெண்களுக்கு என்று ஒதுக்கப்பட்டபோது மதினி சுயேச்சையாக மனுத் தாக்கல் செய்தார். எதிர்க்கடை அக்கா ஒரு கட்சியின் சார்பில் நின்றார். ரோட்டில் நடந்த போட்டி அப்படியே வார்டுக்கு வந்துவிட்டதாக எல்லோரும் சிரித்தோம்.

பெரிய மனிதர்களுக்குப் பதில் சொல்ல மதினி அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. "எதிர்க்கடை இல்லாம நான் யாவாரம் பண்ணுனதே இல்லண்ணே. அவுக கடையை மூடச் சொல்லி என்னைக்காவது கேட்டிருக்கேனா? இதுக்கு மட்டும் எதுக்குக் கேக்கணும்? சனங்க ரெண்டு பேரையும் பாத்துட்டு முடிவு பண்ணட்டும்."

"தோத்துட்டு வந்து வருத்தப்படக் கூடாது" என்று சொல்லிவிட்டு அவர்கள் எழுந்து போனார்கள்.

எனக்குக் கோபம் வந்தது. கையில் வந்ததைத் தள்ளிவிட்டாரே என்று ஆதங்கம். "எங்க மில்லுல போட்டியில்லாம ஒரு ஆர்டர் வந்தா கேக் வெட்டிக் கொண்டாடுவாங்க மதினி" என்றேன்.

"கொண்டாடட்டும். பொறவு அந்த ஆர்டருக்குப் போற நூலு எப்படி இருக்கும்?"

நான் சிரித்துவிட்டேன். வேறு இடம் போக வழியில்லாத வாடிக்கையாளருக்கு எப்படிப்பட்ட நூல் போகும் என்று விற்பனைப் பிரிவில் இருக்கிற யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஓட்டுக் கேட்கப் போனபோதுதான் வியாபாரத்துக்கும் இதற்கும் உள்ள முதல் வித்தியாசம் எனக்கு உறைத்தது. கடையில் ஒரு சிட்டிகை வாயில் போட்டுப் பார்த்துவிட்டு வாங்கலாம், பிடிக்காவிட்டால் ரோட்டைத் தாண்டிப் போகலாம். இங்கே ருசி பார்க்க எதுவும் இல்லை. பேச்சை நம்பித்தான் வாங்க வேண்டும், வாங்கினால் ஐந்து வருஷத்துக்குத் திருப்பிக் கொடுக்கவும் முடியாது. மதினி வீடு வீடாகப் போனார். வெயிலில் முகம் கறுத்துப் போனது. குறைந்த வித்தியாசத்தில் தோற்றார்.

முடிவு வந்த மறுநாள் நானும் லீவு போட்டுக் கடையில்தான் இருந்தேன். காலையில் வழக்கம்போலத் திறந்தோம். எதிர்க்கடை அண்ணாச்சி, ஜெயித்த அக்காவின் கணவர், ரோட்டைத் தாண்டி வந்து தயங்கி நின்றார். "யாவாரத்துல நாம ரெண்டு பேரும் பொழச்சோம் தங்கச்சி. இது அப்படி இல்லாமப் போச்சே" என்றார். மதினி அவருக்குக் காப்பி கொடுத்து அனுப்பினார். அவர் போன பிறகு உள்ளே போய்ச் செத்த நேரம் அழுதார். வந்த வாடிக்கையாளர்களை நான் கவனித்துக்கொண்டேன்.

அண்ணாச்சி சொன்னது சரிதான். கடையில் பத்துப் பேருக்கு மட்டும் பிடித்தாலும் அந்தப் பத்துப் பேருக்கு அது கிடைக்கும். தேர்தலில் தோற்றவருக்குப் போட்ட ஓட்டு அந்த ஓட்டுக்காரருக்கு எதையும் வாங்கித் தராது. ஜெயித்தவர் கிண்டியதைத்தான் எல்லோரும் சாப்பிட வேண்டும். இந்த வித்தியாசத்தை அந்தக் கோடையிலேயே பார்த்தோம். மதினிக்கு ஓட்டு விழுந்த மேட்டுத் தெருவுக்குக் குழாய்த் தண்ணீர் ஏறவில்லை. "அவுக நமக்கா போட்டாக?" என்று அக்காவின் கட்சிக்காரர்கள் பேசுவதாகக் காதில் விழுந்தது. மதினி அந்தத் தெருப் பெண்களைக் கூட்டிக்கொண்டு ரோட்டைத் தாண்டிப் போனார். நானும் போனேன்.

"அக்கா, என் கடைக்கு வராதவுகளுக்கு நான் பால்கோவா குடுக்க வேண்டாம். ஆனா உங்களுக்கு ஓட்டுப் போடாதவுகளுக்கும் நீங்க தண்ணி குடுத்துத்தான் ஆகணும். இந்த வாரம் வந்திருக்கோம், அடுத்த வாரமும் வருவோம்."

பக்கத்தில் நின்ற கட்சிக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அக்கா கையைக் காட்டி நிறுத்தினார். வந்திருந்த பெண்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். அவர்கள் யாரும் முகத்தைத் திருப்பவில்லை. "செஞ்சு தாரேன்" என்றார். மேட்டுத் தெருவுக்குப் புதிய குழாய் வந்தது. அதற்குப் பிறகும் மதினி போவதை விடவில்லை. தெருவிளக்கு, குப்பை வண்டி என்று எதையாவது எடுத்துக்கொண்டு போய் நின்றார். போட்டி ஓட்டு எண்ணியதோடு முடிந்துவிடும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். தோற்றவர் கடையை மூடாமல் இருந்தால் அது தினமும் நடக்கும் என்று இப்போது எனக்குச் சந்தேகமில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நான் கடையில் இருந்தேன். அக்கா வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் பால் விலையைப் பற்றிப் பேசிவிட்டு, "ஏட்டி, அடுத்த தடவையும் நிப்பியா?" என்று கேட்டார்.

"நிப்பேன்க்கா" என்றார் மதினி.

அக்கா சட்டென்று எழுந்துவிட்டார். "அப்போ கீழத்தெரு சாக்கடையை இந்த மாசமே முடிச்சிரணும்" என்று சொல்லிக்கொண்டே செருப்பை மாட்டினார்.