ஆபீசரின் பதினோரு மணி

என் அத்தான் முப்பத்தொரு வருஷம் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் ரீடிங் எடுத்தவர். நாய் என்றால் அவருக்குக் கைகால் உதறும். கேட்டுக்குள் ஒரு வால் தெரிந்தாலே போதும், புத்தகத்தைத் திறந்து அந்த வீட்டு எண்ணுக்கு நேரே 'கதவு பூட்டியிருந்தது' என்று எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்கு நடையைக் கட்டுவார். அவர் புத்தகத்தின்படி ஊரில் பாதிப் பேர் வருஷக்கணக்காக வீடு திரும்பவே இல்லை. ஆபீசில் அவருக்குப் 'பூட்டு' என்று பெயர். என் அக்காவைக் கட்டியவர் என்பதால் நான் அந்தப் பெயரை அவர் காதில் விழும்படி சொன்னதில்லை. விழாதபடி நிறையச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிப்பட்டவர் வீட்டுக்கே ஒரு நாய் வந்ததுதான் வேடிக்கை. தெருக்கோடியில் ஒரு வீடு. அங்கே குரைக்கும் சத்தம் கேட்டு, வழக்கம்போல் பூட்டு என்று எழுதினார். அடுத்த முறையும் எழுதினார். மூன்றாவது முறை மேலதிகாரி பிடித்து உலுக்கிவிட்டதால், குடையை முன்னால் நீட்டிக்கொண்டு உள்ளே போனார். வீட்டுக்காரர்கள் காலி செய்துவிட்டுப் போயிருந்தார்கள். கதவு நிஜமாகவே பூட்டியிருந்தது. வாசலில் எலும்பும் தோலுமாக ஒரு இளம் நாய், எழுந்து நிற்கத் தெம்பில்லாமல் படுத்தபடியே குரைத்தது. அத்தான் மீட்டரைப் பார்க்காமல் நாயைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். போன தடவையே உள்ளே போயிருக்கலாமே என்று அக்காவிடம் சொல்லி அழுதாராம். தேறியதும் அது முறைத்த முறைப்பைப் பார்த்து 'ஆபீசர்' என்று பெயர் வைத்தார்.

அது நடந்து பதின்மூன்று வருஷம் ஆகிறது. இப்போது ஆபீசருக்கு இரண்டு கண்ணிலும் பூ விழுந்துவிட்டது, காது ஏறக்குறைய அவுட். தரையில் பின்னங்கால் வழுக்குகிறது என்று அக்கா கூடத்திலிருந்து வாசல் வரை பழைய மிதியடிகளை வரிசையாகப் போட்டிருக்கிறாள். குனிந்தால் கழுத்து வலிக்கும் என்று சாப்பாட்டுத் தட்டுக்கு ஒரு முக்காலி. வாசற்படிக்குச் சரிவாக ஒரு பலகை. விருந்தாளியாகப் போகும் எனக்கு மிதியடியில் கால் வைக்க அனுமதி கிடையாது. ஓரமாக நடக்க வேண்டும். இருக்கும் ஒரே சாய்வு நாற்காலியில் ஓய்வு பெற்ற அத்தான் காலையில் உட்கார்ந்தால், ஒரே பேப்பரை மூன்று தடவை படித்துவிட்டு சாயங்காலம்தான் எழுந்திருப்பார்.

போன வருஷம் ஆபீசர் திடீரென்று சாப்பாட்டை நிறுத்தியது. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டது. கால்நடை டாக்டர் தட்டிப் பார்த்தார், ரத்தம் எடுத்துப் பார்த்தார். "உடம்புல ஒண்ணும் இல்லை. வாழ்க்கை சலிச்சுப்போச்சு. எது பிடிக்குமோ அதைச் செய்ங்க. இப்படியே விட்டா ரொம்ப நாள் தாங்காது" என்றார். அத்தான் தலைகீழாக நின்று பார்த்தார். முட்டை வேகவைத்துக் கொடுத்தார், கறிச்சாறு கொடுத்தார், முதுகு வலியோடு அதைத் தூக்கிக்கொண்டு தெருவைச் சுற்றினார். ஒன்றும் பலிக்கவில்லை.

"அதுக்குப் பிடிச்சது ஒண்ணுதான். கேட்டுல வர்றவங்கள விரட்டணும். இப்ப யாருங்க வர்றா?" என்றாள் அக்கா. அவள் சொன்னது சரி. தபால் நின்றுபோய்விட்டது. பால் பாக்கெட் பைக்கிலிருந்தே பறந்து வருகிறது. மீட்டர்கூட இப்போது ஆள் இல்லாமல் தானே கணக்குச் சொல்லிவிடுகிறது.

மறுநாள் பதினோரு மணிக்கு அத்தான் பீரோவிலிருந்து காக்கிச் சட்டையை எடுத்தார். நடு பட்டன் மட்டும் சேரவில்லை. தோள்பை, புத்தகம், டார்ச் லைட் சகிதம் பின்பக்கமாக வெளியேறி, முன்பக்கக் கேட்டைத் தட்டி, தெருவே கேட்கும்படி "மீட்டர்" என்று கத்தினார். ஆபீசர் தலையைத் தூக்கியது. மிதியடி மிதியடியாக எழுந்து வந்தது. இருமலா குரைப்பா என்று தெரியாத ஒரு சத்தம் முதலில் வந்தது, அடுத்தது குரைப்பேதான். அத்தான் ஓடினார். அதில் நடிப்பு எதுவும் இல்லை, முப்பத்தொரு வருஷப் பழக்கம். தெருமுனையில் நின்று மூச்சு வாங்கியபடி, தன் வீட்டு எண்ணுக்கு நேரே 'கதவு பூட்டியிருந்தது' என்று எழுதினார். அன்று மாலை ஆபீசர் தட்டை வழித்து நக்கியது. அக்கா எனக்குப் போன் பண்ணி விசும்பினாள்.

அன்றிலிருந்து தினமும் பதினோரு மணிக்கு இந்தக் கூத்துதான். அத்தான் காலையிலேயே சட்டைக்கு இஸ்திரி போட ஆரம்பித்தார். ஷூவுக்குப் பாலிஷ் வேறு. எப்படித்தான் மூக்கில் வியர்த்ததோ, எதிர்வீட்டு அம்மா ஓடிவந்து தன் மீட்டர் வேகமாக ஓடுகிறது என்று புகார் கொடுத்தார். அத்தான் அதையும் முறைப்படி எழுதிக்கொண்டார்.

நாலாவது மாதம், நான் அங்கே தங்கியிருந்தபோது, வாசற்படி வரை வந்து திரும்பி ஓடும்போது பலகையில் கால் இடறி அத்தான் குப்புற விழுந்தார். குரைத்துக்கொண்டே வந்த ஆபீசர் சட்டென்று நிறுத்தியது. தள்ளாடி வந்து அவர் முகத்தை நக்கியது. பிறகு அவர் தோளில் தாடையை வைத்துப் படுத்துக்கொண்டது. அக்காவும் நானும் தூக்கப் போனால் எங்களைப் பார்த்து உறுமியது.

கணுக்காலில் கட்டுப் போட்டு நாற்காலியில் சாய்த்த பிறகு அத்தான் புலம்பினார். கால் வலிக்காக இல்லை. "நான்தான்னு தெரிஞ்சு போச்சு. இனிமே குரைக்காது. மறுபடியும் பட்டினி கிடக்கும்."

அக்கா கட்டை இறுக்கிக்கொண்டே சொன்னாள்: "கண்ணுதான் தெரியாது, காதுதான் கேக்காது. மூக்கு நல்லாத்தானே இருக்கு? மொத நாளே அதுக்குத் தெரியும்ங்க. உங்களுக்குத்தான் பாவம், நாலு மாசமா ஒரு வேலை குடுத்து வச்சிருந்துச்சு."

அத்தான் திரும்பி ஆபீசரைப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் பதினோரு மணிக்கு ஆபீசர் மிதியடி மிதியடியாக நடந்து நாற்காலிக்கு முன்னால் வந்து நின்றது. அத்தானைப் பார்த்து மூன்று தடவை குரைத்தது. அவர் புத்தகத்தைக் கேட்டு வாங்கினார். நாற்காலியிலிருந்தபடியே தன் வீட்டு எண்ணைத் தேடி எழுதினார். தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். 'கதவு திறந்திருந்தது. உள்ளே போனேன்' என்று இருந்தது.