பூஜையில் வைத்த கதவுப் பிடிகள்

என் மாமனார் விட்டுப்போன கார் இரண்டே கதவு உள்ள பழைய கார். அவர் போன பிறகு அது எங்கள் செனாய் வீட்டு வாசலுக்கு வந்தது. என் மனைவிக்கு அது அப்பா மாதிரி. யாரும் அதன் மேல் சாய்ந்து நின்றால்கூட அவளுக்குப் பிடிக்காது.

வலப்பக்கக் கதவின் வெளிப்பொத்தான் செத்துப் பல மாதம் ஆகிவிட்டது. உள்ளே இருந்து திறந்தால்தான் உண்டு. பிறகு உள்பிடிகளும் போயின. பிடிக்குள் இருக்கும் பல் தேய்ந்துவிட்டது. இழுத்தால் பிடி மட்டும் சுற்றும், கதவு அசையாது. குளுவாங்கில் பழைய சாமான் கடைக்காரர் ஒருவரிடம் அதே மாதிரிப் பிடிகள் கிடைத்தன. சரஸ்வதி பூஜைக்கு முதல் நாள் தேய்ந்த பிடிகளையும், கண்ணாடி இறக்கும் கைப்பிடிகளையும் கழற்றினேன். இடக் கதவில் ஆடிக்கொண்டிருந்த வெளிப்பிடியையும் சேர்த்துக் கழற்றினேன். அந்தக் கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க ஒரு கயிறு கட்டி வைத்தேன்.

மறுநாள் பூஜை. வாங்கி வந்த பிடிகள், பிளாயர், சுத்தியல், ஸ்குரூ டிரைவர் எல்லாவற்றையும் கழுவி, சந்தனம் குங்குமம் இட்டு, சாமி முன்னால் வைத்தாயிற்று. எங்கள் வீட்டில் ஆயுதத்தை அன்று வைத்தால், மறுநாள் காலை மறுபூஜை முடிந்துதான் தொடுவோம். என் அப்பா எஸ்டேட்டில் ரப்பர் பால் வெட்டும் கத்தியை அப்படித்தான் வைப்பார்.

வீட்டுக்குள் பூஜை முடிந்ததும் காருக்குப் போடலாம் என்று வெயிலில் நிறுத்தினோம். கதவில் வாழைக்கன்று கட்ட வேண்டும், கயிறு அசிங்கமாகத் தெரிகிறதே என்று அதை அவிழ்த்துவிட்டேன். என் மனைவி உள்ளே ஏறி, முன்னால் இருக்கும் முருகன் படத்துக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தாள். நான் வாழைக்கன்றை இழுத்துக் கட்டும்போது என் இடுப்பு கதவில் பட்டது. 'டக்' என்று சாத்திக்கொண்டது.

எனக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியதும் இரண்டு பக்கமும் ஓடிப் பார்த்தேன். எந்தக் கதவுக்கும் இப்போது பிடி இல்லை. கண்ணாடியை இறக்கவும் வழியில்லை. முன்பக்க ஓரத்தில் இருக்கும் சின்ன முக்கோணக் கண்ணாடி மட்டும் கையளவு திறந்தது; மணிக்கட்டுக்கு மேல் நுழையாது.

போன வருஷம்தான் அவளுக்கு நெஞ்சில் அடைப்பு வந்தது. வெயில் ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். பூஜைக்காகக் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவுமில்லை.

அந்தச் சந்து வழியாகத் தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு முந்தானையால் விசிறிக்கொண்டாள். முதலில் சிரித்தாள். "நல்லா மாட்டி விட்டீங்க லா," என்றாள்.

பக்கத்து வீட்டுக்கு ஓடினேன். அங்கே இருக்கும் மலாய்க்காரப் பெரியவர், நாங்கள் பாக்சிக் என்று கூப்பிடுபவர், வெளியே போயிருந்தார். கருவிப் பெட்டியும் அவர் வண்டியில்தான் இருக்கிறதாம். அவர் மனைவி மாக்சிக் என்னோடு ஓடி வந்து காரைப் பார்த்தாள். பொம்பாவைக் கூப்பிடுகிறேன் என்று போனை எடுத்தாள். தீயணைப்பு வண்டி எப்போது வந்து சேரும் என்று யாருக்குத் தெரியும்?

கண்ணாடியை உடைத்துவிடலாம் என்று என் மனைவியிடம் சொன்னேன்.

"அப்பா காருங்க. இந்தக் கண்ணாடி எங்க கிடைக்கும்?" என்றாள். பிறகு மெல்ல, "எதை வச்சி உடைப்பீங்க? சுத்தியல் சாமிகிட்ட இருக்கு. அதத் தொடாதீங்க," என்றாள்.

நான் கல் தேடினேன். வாசலெல்லாம் சிமெண்டு. பூந்தொட்டியைத் தூக்கினேன், உடைந்து அவள் முகத்தில் தெறித்தால் என்ன செய்வது என்று கீழே வைத்தேன். திரும்பிப் பார்த்தபோது அவள் விசிறுவதை நிறுத்தியிருந்தாள். ஒரு கை நெஞ்சில் இருந்தது.

கூப்பிட்டேன். "ம்," என்றாள். அவ்வளவுதான்.

பூஜை அறைக்குள் செருப்போடு நுழைந்தேனா, கழற்றிவிட்டு நுழைந்தேனா, இன்றும் எனக்கு ஞாபகமில்லை. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. "தாயே, மன்னிச்சிக்கோ," என்று சொன்னேனோ, மனசுக்குள் நினைத்தேனோ. பூவைத் தள்ளிவிட்டுப் பிளாயரை எடுத்தேன்.

சந்து வழியாக அதை நீட்டியபோது அவள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். வாங்கவில்லை.

"வாங்கும்மா. பாவம் என் தலையில இருக்கட்டும்."

வாங்கினாள். பிடி இருந்த இடத்தில் விரல் தடிமனுக்கு இரும்புத் தண்டு நீட்டிக்கொண்டிருக்கும், அதைக் கவ்விப் பிடி என்றேன். சந்தன ஈரத்தில் பிளாயர் வழுக்கியது. இரண்டு முறை கையை விட்டு விழுந்தது. குனிந்து எடுப்பதற்குள் அவளுக்கு மூச்சு வாங்கியது. முந்தானையால் துடைத்துவிட்டு மறுபடியும் கவ்வினாள். மேலே தூக்காதே, உன் பக்கம் திருப்பு என்று கத்தினேன். நான் அவளிடம் அப்படிக் கத்தியதே இல்லை. மாக்சிக் கதவின் ஓரத்தில் நகத்தைக் கொடுத்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

தண்டு திரும்பியது. கதவு விட்டது.

இரண்டு பேரும் சேர்ந்து அவளைத் தாங்கி நிழலுக்குக் கொண்டுபோனோம். மாக்சிக் ஈரத்துணியால் கழுத்தைத் துடைத்தாள். கிளினிக்குக்குப் போகலாம் என்று நான் சொன்னதை அவள் மறுக்கவில்லை. மாக்சிக்கின் மகள் காரில்தான் போனோம். பிரஷர் பார்த்து, நெஞ்சுக்கு ஒன்றும் இல்லை, வெயில்தான் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் நான் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அவள் நேராகப் பூஜை அறைக்குப் போனாள். திட்டுவாள் என்று வாசலிலேயே நின்றேன். தட்டிலிருந்து பிடிகளை அவளே எடுத்துக்கொண்டு வந்தாள்.

"எடுத்தது எடுத்தாச்சு. வேலைய பாதியில வச்சிட்டு தூங்குனா அதான் குத்தம். மாட்டுங்க."

வெயில் தணிந்த நேரத்தில் மாட்டினேன். தண்டில் பிடியை நுழைத்து, ஊசியைத் தட்டி இறுக்கும் சின்ன வேலை. ஆனால் ஊசி பலமுறை தவறியது. அவள் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

முடிந்ததும், "உள்ள போய் உட்காருங்க," என்றாள்.

உட்கார்ந்தேன். அவளே வெளியிலிருந்து கதவைச் சாத்தினாள். உள்ளே காலைச் சூடு இன்னும் போகவில்லை. பூ வாடிய வாசனை. இங்கேதான் அவள் அவ்வளவு நேரம் இருந்தாள் என்று அப்போதுதான் உடம்புக்குப் புரிந்தது. பிடியில் கை வைத்தேன். இழுக்கப் பயமாக இருந்தது.

இழுத்தேன். கதவு திறந்தது.

"இன்னொரு தடவ," என்று சொல்லி மறுபடியும் சாத்தினாள்.