மல்லாவி மணிக்கூடு

என் கையெழுத்து கோழி கிளறினது போல இருக்கும். எழுத்துப் பிழையும் நிறைய வரும். பொறுத்துக்கொள்ளுங்கள். கணினியில் தட்டியிருக்கலாம்தான். ஆனால் திரையில் எழுதினால் நான் திருத்திக்கொண்டே இருப்பேன். கடைசியில் நடந்தது ஒன்றும் எழுதினது வேறொன்றுமாக ஆகிவிடும். அதனால்தான் பேனை.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரை. வத்தேகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் எங்கள் லயம், அதாவது தொழிலாளர் வரிசை வீடு, இருந்தது. தமிழர்களை அடித்த கலவரம் வந்த ஆண்டு பள்ளிக்கூடத்தை மூடினார்கள். திரும்பத் திறந்தபோது அப்பா என்னை அனுப்பவில்லை. கண்டியில் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினேன், பிறகு புடவைக் கடையில் பெட்டி தூக்கினேன், பிறகு ஒரு கொமியூனிகேஷன் கடையில் சேர்ந்தேன். வெளிநாட்டுக்குப் போன் பேச, போட்டோக்கொப்பி எடுக்க, கணினியில் ஜாதகம் அச்சடிக்க ஆட்கள் வருவார்கள். முதலாளி யாழ்ப்பாணத்துக்காரர், ஓய்வு பெற்ற அரசாங்க உத்தியோகத்தர். அவரை ஐயா என்றுதான் கூப்பிடுவேன். எனக்கு ஆட்களோடு பேச வெட்கம். யாராவது நேராகப் பார்த்தால் குரல் உள்ளே போய்விடும். கணினியோடு அந்த வெட்கம் இல்லை.

ஐயாவின் மருமகன் கனடாவில் இருந்தார். ரூபி என்ற கணினி மொழியில் சில கருவிகளை எழுதி, யாரும் எடுத்துப் பாவிக்கலாம் என்று இணையத்தில் போட்டிருந்தார். திகதியைப் பிரிப்பது, தமிழ் மாதத்தைக் காட்டுவது, ஓர் ஊரின் மணிக்கூட்டு நேரத்தை உலகப் பொது நேரமாக மாற்றுவது, இப்படிச் சின்ன வேலைகள். இந்த மாதிரிக் கருவிக் கட்டைத்தான் லைப்ரரி என்கிறார்கள். எங்கள் ஜாதக நிரல் அதன் மேல்தான் நின்றது. அவருக்கு வேறு வேலை கிடைத்த பிறகு அதைக் கவனிக்க ஆள் இல்லை. நான் அதற்குள் ஒரு வரியை மாற்றிப் பார்ப்பது, உடைந்தால் பழையபடி வைப்பது, இப்படியே கொஞ்சம் கற்றிருந்தேன். மருமகன் ஒரு நாள் சாவியைத் தருவது போல அந்த இணையப் பக்கத்தின் உரிமையை எனக்கும் தந்துவிட்டார்.

யுத்தத்தின் கடைசி மாதங்களில் கடைக்குப் புதுக் கணினி வந்தது. அதில் ரூபியின் புதிய பதிப்பு இருந்தது. எங்கள் லைப்ரரியோ பழையதற்கு எழுதினது. மருமகன் அமெரிக்கக் கணக்கில் மாதத்தை முன்னால் போட்டிருந்தார். 5/8 என்று கொடுத்தால் பழைய ரூபி மே எட்டு என்று எடுக்கும். புதியது ஓகஸ்ட் ஐந்து என்று எடுக்கும். பிழை என்று ஒரு சத்தமும் போடாது. அழகாக வேறொரு பிள்ளையின் ஜாதகத்தை அச்சடித்துத் தரும். நாள், மாதம், ஆண்டு மூன்றையும் தனித்தனியாகப் பிரித்துக் கொடுக்கும்படி மாற்றினேன். இரண்டு பதிப்பிலும் ஒரே விடை வந்தது. அன்றைக்குத் தேநீர் குடிக்கவும் மறந்துபோனேன்.

அந்தச் சந்தோசத்தில்தான் நேரப் பிழையிலும் கை வைத்தேன். தொண்ணூற்றாறில் மின்சாரத் தட்டுப்பாடு என்று அரசாங்கம் நாட்டின் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது. சில மாதங்களில் அதில் அரை மணியைக் குறைத்தது. பத்து வருடம் கழித்துப் பழைய நேரத்துக்கே திரும்பியது. எங்கள் கணினியோ இன்றைய நேரத்தையே எல்லாப் பழைய நாட்களுக்கும் போட்டுவிடும். அந்தப் பத்து வருடத்தில் பிறந்த பிள்ளைகளுக்கு அரை மணி பிழைத்தது. அரை மணியில் லக்கினமே மாறலாம். மாறின காலங்களை ஒரு பட்டியலாக எழுதி அதைச் சரிப்படுத்தினேன்.

ஆனால் இன்னொன்று மிஞ்சியது. வடக்கே வன்னியில், அரசாங்கத்தோடு சண்டை பிடித்த இயக்கத்தின் கையில் இருந்த இடங்களில் அந்தப் பத்து வருடமும் மணிக்கூட்டை மாற்றவில்லை. பழைய நேரம்தான். அங்கே பிறந்த பிள்ளைக்குக் கொழும்பு நேரம் போட்டால் பிழை. ஒரே மாவட்டத்தில் ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு நேரம், அந்தப் பக்கம் ஒரு நேரம். எந்தப் பட்டியலிலும் அது இல்லை. ஆட்களைக் கேட்டால்தான் தெரியும். ஆகவே வடக்கில் பிறந்தவர் என்று வந்தால் திரையில் ஒரு கேள்வி வரும்படி செய்தேன்: பிறந்த இடத்தில் இருந்தது கொழும்பு நேரமா, வன்னி நேரமா? பெரிய கெட்டிக்காரன் என்று என்னை நானே நினைத்துக்கொண்டு அதை இணையத்திலும் போட்டேன்.

கொஞ்ச நாளில் ஒரு பெண் தன் மகளோடு கடைக்கு வந்தாள். குண்டசாலையில் அறை எடுத்து இருக்கிறார்கள் என்று ஐயா முன்பே சொல்லியிருந்தார். பிள்ளைக்கு எட்டு வயது இருக்கும். போட்டோக்கொப்பிக்கு ஒரு திரீவீல்காரர் நின்றார். போன் கூட்டுக்குப் பக்கத்துக் கதிரையில் தலைமயிரைக் கட்டையாக வெட்டின ஒருவர் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணை, பிள்ளையின்ர குறிப்பு ஓடி வரேக்க துலைஞ்சு போச்சு. அடிக்கடி காய்ச்சல். கிரகம் ஒருக்காப் பாக்கோணும்" என்றாள்.

திகதியும் நேரமும் சொன்னாள். ஊர் கேட்டேன். "வவுனியாப் பக்கம்" என்றாள்.

திரையில் என் கேள்வி வந்தது. நான் எழுதின கேள்வி முதல்முதலாக ஓர் ஆளுக்காக வந்து நிற்கிறது. போட்டோக்கொப்பி இயந்திரம் இரைந்துகொண்டிருந்தது. வழக்கமாக வாய்க்குள்ளேயே பேசும் நான் அன்றைக்குச் சத்தமாகக் கேட்டேன்.

"வவுனியா டவுனா அக்கா, இல்ல உள்ளுக்கா? உள்ளுக்குன்னா இயக்கத்து நேரம் போடணும். அரை மணி வித்தியாசம் வரும்."

நான் சொல்லி முடிக்கவும் இயந்திரம் நிற்கவும் சரியாக இருந்தது. கடை முழுக்க அந்தச் சொல் மட்டும் கேட்டது.

"டவுன்தான்" என்றாள் அவள். "டவுன்."

"டவுன் இல்லை அம்மா" என்றது பிள்ளை. "மல்லாவி ஆஸ்பத்திரி எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?"

மல்லாவி வன்னிக்குள்ளே இயக்கத்தின் கையில் இருந்த ஊர். தாய் பிள்ளையின் கையைப் பிடித்த பிடியில் பிள்ளை முகத்தைச் சுளித்தது. "அது பெரியம்மான்ர பிள்ளை" என்றாள். "இவளுக்கு எல்லாம் குழப்பம்." என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை எழுத எனக்குத் தெரியவில்லை. நான் கொழும்பு நேரத்தை அழுத்தினேன். பிழையான ஜாதகம் அச்சாகி வந்தது. மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனாள்.

திரீவீல்காரர் என்னைப் பார்த்து, "என்னங்க, சாமியார் மாதிரி கம்ப்யூட்டரையே பாக்குறீங்க? என் கொப்பி எங்க?" என்றார். கதிரையில் இருந்தவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கிளம்பினார். அவர் போன் பேசவே இல்லை என்பது பிறகுதான் ஞாபகம் வந்தது. அதற்கு ஒரு அர்த்தம் இருக்கிறதா, இல்லையா, எனக்கு இன்றுவரை தெரியாது.

கடை வெறுமையானதும் உள்ளறையிலிருந்து ஐயா வந்தார்.

"உமக்கு என்ன விசரோ? கடைக்குள்ள நிண்டுகொண்டு அந்தச் சொல்லைச் சொல்லுவீரோ?"

"கணக்கு சரியா வரணும்னுதாங்க ஐயா..."

"கணக்கோ! அதுகள் பொலிசில வவுனியா டவுன் எண்டு பதிஞ்சு போட்டு இருக்குதுகள். வன்னி எண்டு தெரிஞ்சால் என்ன நடக்கும் எண்டு தெரியாதோ? உம்மை வாய் திறக்க வைக்க எத்தனை வருசம் பாடுபட்டன். திறந்ததும் திறந்தீர், இதுக்கோ திறக்கோணும்?"

எனக்கு நன்றாகத் தெரியும். கலவரத்தில் லயத்துக்குள் ஒளிந்திருந்த இரவில், எங்கள் பெயரைக் கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று அம்மா சொல்லித் தந்திருந்தாள். கேட்கப்படும் பயம் தெரிந்த நான்தான் கேட்டிருக்கிறேன்.

அடுத்த வாரம் அவளுக்குச் சரியான ஜாதகத்தை அச்சடித்தேன். மல்லாவி, வன்னி நேரம். லக்கினம் மாறித்தான் வந்தது. கையில் கொடுத்து மன்னிப்புக் கேட்கலாம் என்று குண்டசாலை பஸ்ஸில் போனேன். வழி முழுக்கச் சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். வீட்டுக்காரி ஒரு முஸ்லிம் பெண், வயதானவர். பக்கத்து அறையில் பூட்டுத் தொங்கியது.

"அவங்க இல்ல தம்பி" என்றார். "பொலிஸ்ல இருந்து வந்து தாயையும் புள்ளையையும் கூட்டிட்டுப் போனாங்க. ரெண்டு நாள் வெச்சிருந்துட்டு உட்டாங்க. வந்த அன்னைக்கே சாமான கட்டிட்டாங்க. அந்தப் புள்ளைக்குக் காய்ச்சல் வேற."

"எங்க போனாங்க?"

"சொல்லல்ல. நானும் கேக்கல்ல. கேட்டா நமக்குத் தெரிஞ்சிடுமே."

"எதுக்காகக் கூட்டிட்டுப் போனாங்க?"

"யாரோ என்னமோ சொல்லியிருக்காங்க. யாருன்னு அல்லாவுக்குத்தான் தெரியும்." பிறகு என்னைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தார். "நீங்க யாரு?"

கடையிலிருந்து வருகிறேன், ஒரு பேப்பர் கொடுக்க வேண்டும் என்றேன். வைத்துவிட்டுப் போங்கள், வந்தால் கொடுக்கிறேன் என்றார். நான் வைக்கவில்லை. அந்தத் தாளின் தலைப்பிலேயே ஊர்ப் பெயர் இருந்தது.

திரும்பி வரும்போது பாலத்தடியில் பஸ்ஸை நிறுத்தினார்கள். எல்லோரும் அடையாள அட்டையைக் கையில் எடுத்தார்கள். என் சட்டைப் பையில் மல்லாவி இருந்தது. இராணுவக்காரர் முன்பக்கத்தால் ஏறிக்கொண்டிருக்கும்போது தாளின் மேல் பகுதியைக் கிழித்து வாயில் போட்டு மென்றேன். பக்கத்தில் இருந்தவர் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். என் அட்டையைப் பார்த்தார்கள், வத்தேகம என்று இருந்தது, திருப்பித் தந்துவிட்டார்கள். வேறொன்றும் நடக்கவில்லை. ஒரு சொல் அச்சடித்த தாளை ஒரு பஸ் பயணம் முழுக்கக்கூட என்னால் கொண்டுபோக முடியவில்லை. அந்தத் தாய் பிள்ளை பிறந்த ஊரையே அப்படி மறைத்துக்கொண்டு திரிந்தாள்.

அன்று பின்னேரமே லைப்ரரியிலிருந்து கேள்வியை எடுத்துவிட்டேன். வன்னியில் பிறந்தவர்களுக்கும் கொழும்பு நேரம் என்று வைத்தேன். தெரிந்தே பிழையாக வைத்தேன். ஒரு மாற்றம் செய்தால் ஏன் செய்தோம் என்று ஒரு வரி எழுத வேண்டும். உண்மையை எழுதப் பயம். எழுத ஆங்கிலமும் போதாது. 'தேவையில்லை' என்று மட்டும் ஆங்கிலத்தில் எழுதினேன். சில மாதத்தில் யுத்தம் முடிந்தது. கேள்வியைத் திரும்ப வைத்திருக்கலாம். வைக்கவில்லை. அந்தப் பக்கத்தைத் திறந்தாலே அவள் சிரிப்பு வந்து நிற்கும். மற்றப் பிழைகளை எல்லாம் திருத்தினேன், அதை மட்டும் தாண்டிப் போனேன். அதன் பிறகு எத்தனை பிள்ளைகளுக்குப் பிழையான ஜாதகம் போயிருக்கும் என்று நினைக்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன்.

போன கிழமை லைப்ரரிப் பக்கத்தில் ஒரு செய்தி வந்திருந்தது. தமிழில் எழுதியிருந்தாள் ஒரு பெண். தான் மல்லாவியில் பிறந்தவளாம். கலியாணம் பேசுகிறார்களாம். அம்மாவிடம் இருக்கும் பழைய குறிப்பில் ஒரு லக்கினம், இந்த நிரலில் இன்னொரு லக்கினம். 'பொருந்தவில்லை என்று மாப்பிள்ளை வீட்டார் யோசிக்கிறார்கள். உங்கள் பழைய பதிப்பில் போட்டால் சரியாக வருகிறது. ஏன் அந்தக் கேள்வியை எடுத்தீர்கள்? ஏன் தேவையில்லை?'

முதலில் அவளுடைய பிறந்த திகதியைத்தான் பார்த்தேன். அந்தப் பிள்ளை இல்லை. ஆண்டு வேறு, மாதமும் வேறு. ஆறுதல் வந்தது, உடனே அந்த ஆறுதலை நினைத்து வெட்கமும் வந்தது. இவளுக்கும் நான் செய்தது கெடுதல்தானே.

கேள்வியைத் திரும்ப வைத்துவிட்டேன். சொல்ல விரும்பாதவர்கள் சொல்லாமல் இருக்கவும் ஒரு இடம் விட்டிருக்கிறேன். அப்படி விட்டால் இரண்டு நேரத்துக்கும் இரண்டு ஜாதகம் வரும், வேண்டியதை அவர்களே எடுத்துக்கொள்ளலாம். அன்றைக்கே இது தோன்றியிருந்தால் அந்தத் தாயிடம் நான் எதையும் கேட்டிருக்க வேண்டியதில்லை. அவ்வளவு சின்ன வேலை. ஒரு காலை நேரம்தான் எடுத்தது.

அந்தப் பெண்ணுக்கு இன்னும் பதில் போடவில்லை. நிரல் சரி, பாருங்கள் என்று ஒரு வரி போட்டால் அவளுடைய வேலை முடியும். ஆனால் அவள் ஏன் என்று கேட்டிருக்கிறாள். அதற்கு இதுதான் பதில். இதை அப்படியே படம் பிடித்து அனுப்பப் போகிறேன், பிழைகளோடு.

வத்தேகம, 2023 ஆவணி, பௌர்ணமிப் போயாவுக்கு மறுநாள்.