கொழும்பிலிருந்து வராத மெயில்

"ஜும்ஆத் தொழுகைக்குப் போனா நீங்க ஆபிசுக்குத் திரும்பி வாறதே இல்லையா?" என்று கொழும்பு மெனேஜர் போனில் கத்தினார். மருதமுனையில் இடுப்பில் கட்டும் கைத்தறிச் சாரன் விற்கும் எங்கள் கிளை அவருடைய மெயில்களுக்குப் பதிலே போடுவதில்லையாம். எனக்குக் கொதித்தது.

"சேர், மலேசியாவில இருந்தெல்லாம் மெயில் வருது. உங்கட மட்டும்தான் வரல்ல."

அவர் நம்பவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமைதான் டெக்னீஷியன் கண்டுபிடித்தார். கொழும்பு அலுவலகம் புதிய சேர்வருக்கு மாறியிருந்தது. நாங்கள் பழையதிலேயே இருந்தோம். இரண்டுக்கும் மெயில் முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் டொமைன் பெயர் ஒன்றுதான். அதனால் கொழும்பிலிருந்து எங்களுக்கு அனுப்பியதையெல்லாம் புதிய சேர்வர் தனக்கு வந்ததாக எண்ணி அங்கேயே வைத்துக்கொண்டது.

டெக்னீஷியன் அதைத் திருத்தி, தேங்கிக் கிடந்தவற்றை எனக்கு அனுப்பினார். மெயிலுக்குப் பதில் போடாததற்கான எச்சரிக்கைக் கடிதமும் அதற்குள் இருந்தது! மெனேஜர் மன்னிப்புக் கேட்கவில்லை. எனக்கு இன்றும் ஆறவில்லை.

அந்தக் கடிதத்துக்கு மட்டும் உடனே பதில் போட்டேன்: "ஜும்ஆ முடிந்து வந்துதான் எழுதுகிறேன், சேர்."