இறுதிப் போட்டிக்கு வந்த தங்கச்சி

இதை எழுதலாமா என்று கனநாள் யோசித்தேன். அண்ணி புத்தகம் வாசிக்கிற ஆள் இல்லை என்ற துணிவில்தான் எழுதுகிறேன்.

எனக்கு வாய் நீளம். ஒஸ்லோவில் என் கல்யாணம் பதிவுக் கல்யாணமாக நடந்தது. நாங்கள் யாழ்ப்பாணத் தீவுப்பகுதிக் கத்தோலிக்கர், இவர் சைவம். என் ஒரே அண்ணன் அப்போதே கனடாவில் இருந்தார். தொலைபேசியில் சொன்னார்: "கோயிலிலை தாலி கட்டாதது ஒரு கலியாணமே? நான் வரமாட்டன்." எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ தெரியாது. "நீ வராட்டில் எனக்கென்ன? உன்ரை செத்தவீட்டுக்கும் நான் வரமாட்டன்!" என்று கத்திவிட்டு வைத்துவிட்டேன். அவரை நான் "நீ" என்றது வாழ்க்கையில் அந்த ஒரே தடவைதான்.

இரண்டு வருடம் கதைபேச்சு இல்லை. மகள் பிறந்த கிழமை அவரே போன் எடுத்தார். "பிள்ளை ஆரைப்போல?" என்று கேட்டார், நேற்றுத்தான் கதைத்து விட்டதுபோல. அதற்குப் பிறகு நத்தாருக்கும் பிறந்தநாளுக்கும் ஒழுங்காகக் கதைத்தோம். நான் சொன்ன சொல்லைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் எடுக்கவில்லை. நேரில் காணும்போது மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம் என்று வருடத்துக்கு வருடம் தள்ளிக்கொண்டே போனேன். அப்படியே பத்தொன்பது வருடம் போயிற்று.

போன வருடம் ஜூன் மாதம் அண்ணி எடுத்தா. அண்ணனுக்குக் கணையத்தில் புற்றுநோய். பரவிவிட்டது, வைத்தியம் இல்லை, மாதக்கணக்குத்தான்.

"அவருக்குச் சொல்லேல்லை மச்சாள். வயித்திலை புண் எண்டுதான் சொல்லி வைச்சிருக்கிறம். டொக்ரர் சொன்னதை மகள்தான் தமிழிலை சொன்னவள். பாதியோடை நிப்பாட்டிப்போட்டாள்."

முப்பது வருடம் கனடாவில் தொழிற்சாலையில் வேலைசெய்த மனிதருக்கு அந்த ஒரு இங்கிலிஷ் சொல் விளங்காது என்று எல்லோரும் நம்பினோம். நம்பினால் வசதியாக இருந்தது.

"நான் உடனை வாறன் அண்ணி."

"ஐயோ, வந்திடாதேங்கோ! நோர்வேயிலை இருந்து தங்கச்சி விழுந்தடிச்சு வந்து நிண்டால் அவருக்கு விளங்கிடாதே? அண்டைக்கே உயிர் போயிடும்."

அவ சொன்னதில் பிழை இல்லை. எங்கள் ஆட்களுக்குள் கல்யாணம், சாமத்தியவீடு என்று ஒரு கொண்டாட்டமும் இல்லாமல் வெளிநாட்டிலிருந்து ஒரு சொந்தம் வந்து இறங்கினால், படுக்கையில் கிடக்கிறவருக்கு அது சாவோலை. அப்பாவுக்கும் அதுதான் நடந்தது. பாரிசில் இருந்த சித்தப்பா திடீரென்று வந்து கட்டிலடியில் நின்றார். அப்பா அவரை ஒருதரம் பார்த்துவிட்டு, "பங்குச் சுவாமியைக் கூப்பிடுங்கோ" என்றார். பிறகு சாப்பிடவே இல்லை.

ஆகவே நான் போகவில்லை. நான் என்ன வேலை செய்கிறேன் தெரியுமா? முதியோர் இல்லத்தில் தாதி உதவியாளர். அங்கே டொக்டர் கட்டிலருகே கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, நோயாளியின் முகத்தைப் பார்த்து உள்ளதைச் சொல்லுவார். பக்கத்தில் இருந்து கையைப் பிடித்துக்கொள்வது என் வேலை. நன்றாகச் செய்கிறேன் என்று பெயரும் எடுத்திருக்கிறேன். மகள் கேட்டாள்: "அம்மா, உங்கடை வேலையிலை இப்பிடி மறைச்சால் உங்களைச் சும்மா விடுவினமோ?" "நீ போய்ப் படி" என்று கலைத்துவிட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைக்கிற வேலைக்கு நானும் அகப்பை எடுத்துக் கொடுத்தவள்தான்.

இனி என்னத்தைக் கதைப்பது? "இப்ப எப்பிடி அண்ணை?" என்று கேட்டால் அவர் "பரவாயில்லை" என்பார், இரண்டுபேரும் பொய். ஒருநாள் பின்னேரம் வேலை முடிந்து எடுத்தபோது அவருடைய பக்கம் ஒரே இரைச்சலாக இருந்தது.

"என்ன சத்தம் அது?"

"ஃபுட்போல். நேற்றையான் மட்ச்சைத் திருப்பிப் போடுறாங்கள். எங்கடை ஊர் ரீம். நாலு மட்ச் விளையாடி நாலும் தோல்வி, அறுவாங்கள்."

நான் உதைபந்தாட்டம் என்றுதான் நினைத்தேன். இல்லையாம். தலைக்கவசமும் தோள்மூட்டுக்குப் பஞ்சணையும் கட்டிக்கொண்டு, பந்தைக் கையில் பிடித்து ஓடுகிற கனேடிய விளையாட்டாம். பத்து யார் தூரம் முன்னேற மூன்று தரம்தான் இடம் கொடுப்பார்கள், அமெரிக்காவில் நான்கு தரம் என்று விளக்கினார். தொழிற்சாலையில் வெள்ளைக்காரரோடு சேர்ந்து பழகியதாம். "கோலுக்கு அடிச்சுப் பிழைச்சாலும் சிலவேளை ஒரு புள்ளி குடுப்பாங்கள்" என்றார். "இதென்ன கண்டறியாத விளையாட்டு!" என்றேன். கனநாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் சிரித்தார். சிரித்துக்கொண்டே, "இவங்கள் ஃபைனலுக்குப் போனால் நீ வா. சேர்ந்து பாப்பம்" என்றார்.

பகிடிக்குத்தான் சொன்னார். நான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அண்ணிக்கு எடுத்துச் சொன்னேன். அவவும் யோசித்துவிட்டு, "அவரே கூப்பிட்டதெண்டால் பயமில்லை. மட்ச்சுக்கு வந்ததாய் இருக்கட்டும்" என்றா. ஃபைனல் நவம்பரில். அதுவரை அண்ணன் இருக்கவேண்டும். அந்த உதவாக்கரை அணி வெல்லவேண்டும். இரண்டும் நடந்தால் என் சொல்லை நான் திருப்பி எடுக்கலாம்.

அன்றிலிருந்து எனக்கு விசர் பிடித்துவிட்டது. நாங்கள் இருக்கிற மோர்டென்ஸ்ருட்டில் காலை ரயில் ஏறியதும் முதல் வேலை போனில் புள்ளி பார்ப்பது. ஐந்தாவது மட்ச் வென்றார்கள். ஆறாவதும் வென்றார்கள். தமிழ்ப் பூசை முடிந்து மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தினேன். பக்கத்தில் நின்ற பெண் "ஆருக்கு அக்கா, சுகமில்லையோ?" என்று கேட்டா. "ஒரு ரீமுக்கு" என்றேன். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை என்னைக் கண்டால் கொஞ்சம் விலகித்தான் போகும்.

ஓகஸ்ட், செப்டம்பர் முழுக்க வெற்றிதான். அணி ஏற ஏற அண்ணனின் குரல் இறங்கிக்கொண்டு வந்தது. முதலில் முழு மட்ச்சையும் வர்ணிப்பார். பிறகு கடைசிக் கால்வாசியை மட்டும். ஒக்டோபரில் "வெண்டாங்கள்" என்ற ஒரு சொல்லோடு அண்ணி போனை வாங்கிவிடுவா.

ஒக்டோபரில் அடுத்தடுத்து இரண்டு மட்ச் தோற்றார்கள். நான் கோப்பைகளைக் கழுவுகிறேன் என்று உடைத்துக்கொண்டு நின்றேன். இவர் வந்து சொன்னார்: "நீர் போறதெண்டால் நாளைக்கே போமன். என்னத்துக்கு அவங்கள் வெல்லுறதைப் பாத்துக்கொண்டு நிக்கிறீர்?" நான் எரிந்து விழுந்தேன். "உங்களுக்கு என்ன தெரியும்? உங்களாலை வந்த வினைதானே!" பாவம் மனுசன், உடைந்த துண்டுகளைப் பொறுக்கினார்.

இவர் கேட்டது சரிதான். எந்த நோர்வேக்காரியும் ஜூனிலேயே போயிருப்பாள். நான் அண்ணி சொன்னதைக் கேட்டு நின்றேன் என்பது பாதி உண்மை. அண்ணனின் முகத்தைப் பார்த்து "செத்தவீடு" என்ற சொல்லை எப்படி எடுப்பது என்ற பயம் மீதி. நான் திருப்பி எடுக்கவேண்டிய சொல்லே அதுவாக இருந்தது. சாவை மறைத்து வைத்திருக்கிற வீட்டில் போய் அதை எப்படிச் சொல்வது?

அரையிறுதியைக் கடைசி உதையில் வென்றார்கள். ரயில் மேடையில் நின்று வாசித்தேன். அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற நோர்வேக்காரர் மரியாதையாக மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டார். அன்றைக்கே டிக்கெட் போட்டேன்.

வெள்ளிக்கிழமை போய் இறங்கினேன். ஃபைனல் வேறு நகரத்தில். நாங்கள் வீட்டில் ரிவியில்தான் பார்ப்பதாக ஏற்பாடு. வரவேற்பறை நடுவில் ஆஸ்பத்திரிக் கட்டில். அண்ணனை முதலில் தேடினேன். பிறகுதான் போர்வைக்குக் கீழே கிடப்பது அவர் என்று தெரிந்தது. தலையில் அணியின் தொப்பி, காதுவரை இறங்கிக் கிடந்தது. "நல்லா இருக்கிறியள் அண்ணை" என்றேன். "ஓம், நீதான் நல்லாக் கொழுத்திட்டாய்" என்றார்.

ஞாயிறு பின்னேரம் சனம் வந்தது. பெரியம்மாவின் பிள்ளைகள், அண்ணியின் தம்பிமார், பழைய ஊர்க்காரர். எல்லோருக்கும் அணியின் நிறத்தில் சட்டை. அண்ணனின் மகள் வாங்கிக் கொடுத்தது. அவர்களில் ஒருவருக்கும் அந்த விளையாட்டின் தலையும் தெரியாது, காலும் தெரியாது. யார் பந்தை வைத்திருந்தாலும் கை தட்டினார்கள். செத்தவீட்டுக்கு வரவேண்டிய சனம் எல்லாம் ரோல்ஸும் கட்லட்டும் கொண்டு முன்கூட்டியே வந்து சிரித்துக்கொண்டு இருந்தது.

இடைவேளைக்கு எல்லோரும் சாப்பிடக் குசினிக்குள் போனார்கள். நானும் அண்ணனும் தனியே. இதை விட்டால் எனக்கு நேரம் இல்லை.

"அண்ணை, என்ரை கலியாணத்துக்கு முதல் நான் போனிலை ஒரு சொல்லுச் சொன்னனான்..."

"தெரியும். செத்தவீட்டுக்கு வரமாட்டன் எண்டு சொன்னனி."

ரிவியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "அதை நான்..." என்று தொடங்கினேன்.

"திருப்பி எடுக்காதை. அது அப்பிடியே இருக்கட்டும்." போர்வைக்குள்ளிருந்து கையை எடுத்து என் மணிக்கட்டைப் பிடித்தார். "எனக்கு ஜூனிலையே தெரியும். டொக்ரர் சொன்னதெல்லாம் விளங்கினது. உன்ரை அண்ணிக்கு எனக்குத் தெரியுமெண்டு தெரியாது. இவ்வளவு நாளும் என்ரை முன்னாலை ஒருக்காலும் அவள் அழேல்லை. எனக்கு ஒண்டும் தெரியாமல் சந்தோசமாய்ப் போனன் எண்டு நினைச்சுக்கொண்டு அவள் மிச்சக் காலத்தைக் கழிக்கட்டும்."

"நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன் அண்ணை."

"நீ சொல்லுவாய். என்ரை சவப்பெட்டியைக் கண்டால் வாய் சும்மா இருக்காது. எல்லாத்தையும் சொல்லிச் சொல்லி அழுவாய். எனக்கு உன்னைத் தெரியாதே?" கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "உயிரோடை இருக்கேக்கை வந்திட்டாய். அது போதும். அதுக்கு வராதை. அண்டைக்குச் சொன்ன சொல்லைக் காப்பாத்து."

சொல்லிவிட்டுச் சிரித்தார். மன்னித்துச் சிரித்தாரா, பத்தொன்பது வருடம் வைத்திருந்து திருப்பித் தந்து சிரித்தாரா, எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்க நேரம் இருக்கவில்லை. அண்ணி கட்லட் தட்டோடு வந்துவிட்டா. "என்ன, தமையனும் தங்கச்சியும் குசுகுசுக்கிறியள்?" என்று கேட்டா. "இவளுக்கு ரூல் விளங்கப்படுத்துறன்" என்றார் அண்ணன்.

அணி வென்றது. வெள்ளிக் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு அந்தப் பெரிய உடம்புக்காரர்கள் பனிக்குள் விழுந்து புரண்டு அழுதார்கள். வீட்டிலும் ஒரே கூச்சல். அண்ணன் இரண்டுதரம் கை தட்டினார். பிறகு தொப்பியை முகத்துக்கு மேல் இழுத்துவிட்டுப் படுத்தார்.

செவ்வாய்க்கிழமை விமானம். எல்லோரும் நிற்கும்போது கட்டிப்பிடித்து அழ முடியாது. மட்ச்சுக்கு வந்தவள் ஏன் அழவேண்டும்? "போட்டு வாறன்" என்றேன். "அடுத்த சீசனுக்கும் வா" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். "ஓம் அண்ணை" என்றேன். அதுதான் நாங்கள் கடைசியாகக் கதைத்தது.

டிசம்பரில் ஒருநாள் மத்தியானம், ஒரு கிழவிக்குச் சூப் பருக்கிக்கொண்டிருந்தேன். இவர் வேலையிடத்துக்கு வந்து வாசலில் நின்றார். பக்கத்தில் ஆள் இல்லாமல் எனக்குச் சொல்லக்கூடாது என்று கனடாவிலிருந்து முதலில் இவருக்குத்தான் எடுத்திருக்கிறார்கள். இவர் வாய் திறக்கவே தேவையிருக்கவில்லை. என் மேலாளர், "எவ்வளவு நாள் வேண்டுமானாலும் போய்விட்டு வா" என்றா. இவர் டிக்கெட்டும் பார்த்துவிட்டார்.

நான் போகவில்லை. பூசையையும் அடக்கத்தையும் மோர்டென்ஸ்ருட்டில் இருந்து, மகளின் கம்பியூட்டரில் நேரலையில் பார்த்தேன். இவருக்குக்கூடக் காரணம் சொல்லவில்லை. ஃபைனலுக்கு அந்தச் சட்டை போட்டு வந்த சனம் எல்லாம் கறுப்பில் வந்திருந்தது. நான் மட்டும்தான் இல்லை.

எட்டாம் நாள் எட்டுச்செலவுச் சடங்கு முடிந்த அடுத்தநாள் அண்ணி எடுத்தா. அழுது அழுது குரல் அடைத்திருந்தது.

"மச்சாள், அந்த மனுசன் ஒண்டும் தெரியாமல், நிம்மதியாய்ப் போயிட்டார். அது போதும் எனக்கு. ஆனால் ஒண்டு கேக்கிறன். மட்ச்சுக்கு வரத் தெரிஞ்ச உங்களுக்கு, கூடப்பிறந்தவரின்ரை செத்தவீட்டுக்கு வரத் தெரியேல்லையோ?"

நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன்.

"வேலையிலை லீவு தரேல்லை, அண்ணி" என்றேன்.