நெருப்பில்லா வீடு

வேலைத்தலத்தில் அவருக்கு 'ஜன்னல்' என்று பெயர். எந்த அறைக்குள் நுழைந்தாலும், வெளியே பனியே கொட்டினாலும், முதல் காரியமாக ஜன்னலைத் திறந்துவிடுவார். பிறர் வீட்டைச் சூடாக்கிப் பிழைக்கிற மனிதருக்கு இப்படியொரு பழக்கம்! மனைவிக்கு இருபத்தொரு வருடமாக ஒரே பாட்டுத்தான்: "ஊரையெல்லாம் குளிர்காய வைக்கிறீங்க. நான் மட்டும் சொந்த வீட்டுல கம்பளியச் சுத்திக்கிட்டு உக்காந்திருக்கேன்."

காரணம் அவளுக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது.

கல்யாணத்துக்கு முந்தி அவர் வீட்டைச் சூடாக்கும் கேஸ் பாய்லர் மாட்டிக்கொண்டிருந்தார். பழையதைக் கழற்றியதும் புகைக்குழாயின் வாயில் ஒரு துணியைத் திணிப்பார்கள்; இல்லாவிட்டால் கரி கொட்டி வீட்டுக்காரரின் தரை பாழாகும். புதியதை மாட்டும்போது துணியை உருவிவிட வேண்டும். தனியாக வாழ்ந்த ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவரின் வீட்டில் அவர் உருவ மறந்தார். மறுநாள் காலை, விட்டுவந்த ஸ்பேனரை எடுக்கப் போனபோது, தபால்காரர் நாற்காலியில் சாய்ந்திருந்தார். கன்னமெல்லாம் நல்ல சிவப்பு. "ஐயா, ஐயா" என்று இரண்டு முறை கூப்பிட்ட பிறகுதான் விளங்கியது, வெளியேற வழியில்லாத நச்சுப்புகை அவரைக் கொன்றுவிட்டது, கன்னச் சிவப்பும் அதனால்தான் என்று. ஜன்னல்களை எல்லாம் திறந்தார். துணியை உருவிச் சட்டைக்குள் செருகிக்கொண்டார். அப்புறம்தான் ஆள் கூப்பிட்டார். வந்தவர்கள் பாய்லரைச் சோதித்தார்கள், ஒரு குறையும் இல்லை. வயதானவரின் இதயம் என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

அதோடு கேஸுக்கு ஒரு கும்பிடு போட்டார். நெருப்பே இல்லாமல் சூடாக்கும் ஹீட் பம்ப், சோலார், பேட்டரி என்று புதிதாகக் கற்றுக்கொண்டார். உலகத்தைக் காப்பாற்ற வந்த உத்தமர் என்று ஜனங்கள் மெச்சினார்கள். அவர் கண்ணுக்கோ எந்த வீட்டில் காலி நாற்காலி கிடந்தாலும் அதில் தபால்காரர் உட்கார்ந்திருந்தார். உலகத்தைப் பற்றிக் கவலைப்பட அவருக்கு ஏது நேரம்?

இந்த வருடம் வேலை கிடைத்தது, புதிதாகக் கட்டுகிற மாளிகை மாதிரி ஒரு வீட்டில். பதினோரு அறை. சொந்தக்காரி ஒரு கண் டாக்டர். தோட்டத்து மண்ணுக்கடியில் குழாய் புதைத்து, மண்ணின் சூட்டை ஹீட் பம்ப் வழியாகத் தரைக்கடியில் ஓடும் தண்ணீருக்குக் கொண்டுவருவது, கூரை முழுக்கச் சோலார் என்று எல்லாம் பேசி முடிந்தது. கடைசியில் டாக்டர் சொன்னாள்: "அப்பா ரூம்ல மட்டும் ஒரு கேஸ் கணப்பு வேணும். அவருக்கு நெருப்பப் பாத்துக்கிட்டே உக்காரணும்."

"வேண்டாம்மா. தரையே சூடா இருக்கும்."

"சூட்டுக்கா கேக்குறேன்?"

கார்பன் கணக்கைச் சொன்னார். சுவரில் ஓட்டை போட்டால் சூடு வீணாகும் என்றார். டாக்டர் சிரித்துவிட்டாள். "இவ்வளவு பெரிய வீடு கட்டுறேன், ஒரு சின்ன அடுப்பாலயா உலகம் அழியப்போகுது? நீங்க மாட்டலன்னா வேற ஆளு மாட்டிட்டுப் போறாங்க. நிஜமான காரணத்தச் சொல்லுங்க."

ஒழுங்காக மாட்டிய கணப்பு யாரையும் கொல்லாது. அது அவருக்கே தெரியும். ஆனால் பூசி முடியாத அந்த அறையில், சிமெண்ட் மூட்டையின் மேல் தபால்காரர் உட்கார்ந்திருந்தாரே! இந்த வேலை போனால் போகட்டும் என்று முதலிலிருந்து கடைசிவரை சொல்லிவிட்டார். துணியைச் சட்டைக்குள் செருகியதையும் விடவில்லை.

டாக்டர் கேட்டாள்: "அவருக்குப் பிள்ளைங்க?"

"ஒரு பொண்ணு. அப்போ வெளியூர்ல இருந்தாங்க. இப்ப அதே வீட்டுலதான் இருக்காங்க."

"அவங்களுக்குத் தெரியுமா?"

தலையை ஆட்டினார், இல்லையென்று.

வரைபடத்தில் கணப்பின் மேல் பேனாவால் ஒரு கோடு இழுத்தாள் டாக்டர். "கணப்பு வேண்டாம். வேலைய நீங்களே செய்யுங்க. ஆனா அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிட்டு வாங்க. அதுவரைக்கும் என் வீட்டுக்குள்ள கால் வைக்காதீங்க."

அன்று சாயங்காலமே போனார். கதவைத் திறந்த பெண்ணுக்கு நரைத்திருந்தது. அப்பாவின் அதே நீள முகம்.

"நான்... அந்தக் காலத்துல உங்க வீட்டுல பாய்லர் மாட்டினவன்."

அவள் கண் சட்டென்று கலங்கியது. அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"அன்னைக்கு அப்பாவ மொதல்ல பாத்து ஆள் கூப்பிட்டது நீங்கதானே? ஒரு நன்றி சொல்லணும்னு எத்தனை வருஷமாத் தேடுறேன் தெரியுமா? உள்ள வாங்கண்ணா, உக்காருங்க."